குரல் கேட்ட தேதி

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பழைய எக்ஸ்ரே படங்களை மூட்டை கட்டிப் போட்டிருக்கும் அறைக்கு அடுத்த அறை கணக்கக்காவுடையது. இரண்டு மேசை, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, கழுத்தைத் திருப்ப மறுக்கும் ஒரு மின்விசிறி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் கணக்கக்காதான். பெரிய டாக்டரம்மா அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கும் அக்கா. ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் வயதாவது ஒன்றாவது!

அவள் எழுதுவது புற்றுநோய்ப் பதிவேடு. யாருக்கு வந்தது, எந்த வயதில் வந்தது, உடம்பில் எங்கே வந்தது, வந்தவர் அப்புறம் என்ன ஆனார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வைத்தியம் பார்க்கிற வேலை இல்லை, எண்ணுகிற வேலை. "எண்ணி என்னத்தைக் கண்டீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணாவிட்டால் எத்தனை படுக்கை வேண்டும் என்று எப்படித் தெரியும், எந்த மருந்து கேட்கிறது என்று எப்படித் தெரியும் என்று ஒரு பாட்டம் பாடித்தான் ஓய்வாள். கேட்டவர் பாவம், லிப்ட்டுக்குக் காத்திருந்தவராக இருப்பார்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: உயிருடன், இறப்பு, தகவல் இல்லை. பக்கத்தில் "கடைசியாகத் தொடர்புகொண்ட தேதி" என்று அச்சடித்திருக்கும். கணக்கக்கா அதற்குத் தானே வைத்திருந்த பெயர் குரல் கேட்ட தேதி. முத்திரை வைத்த காகிதத்தைப் பார்க்காமல் அவள் "இறப்பு" என்று எழுத மாட்டாள். அந்த ஆளின் குரலைத் தன் காதால் கேட்காமல் "உயிருடன்" என்றும் எழுத மாட்டாள். அம்மா சொன்னால் போதாது, அப்பா சத்தியம் பண்ணினாலும் போதாது. "நல்லா இருக்கான்னு சொன்னீங்க, ரொம்ப சந்தோஷம். ஒரு நிமிஷம் போனை அவன்கிட்ட குடுங்களேன், ஒரு ஹலோ கேட்டுக்கறேன்" என்பாள். ஹலோ கேட்டதும் தேதியைப் போட்டுவிட்டு, "அவ்வளவுதான் தம்பி, போய் விளையாடு" என்று வைத்துவிடுவாள். அந்தப் பிள்ளைகளுக்கு இவள் யாரென்றே தெரியாது.

வீட்டில் இந்த வேலையால் பட்ட பாட்டை அவளுடைய பதினான்கு வயது மகனைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும் இளசுகளுக்கும் வரும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பு விறுவிறுவென்று வளரும் வயதில்தான் வரும். அதுவும் அதிகம் முட்டிப் பக்கத்தில். ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த வருஷம் பார்த்து மகன் மளமளவென்று வளர்ந்து தொலைத்தான். ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது, "அம்மா, முட்டி வலிக்குது" என்றான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தாள். ஒன்றுமில்லை. அடுத்த மாதம் மற்ற முட்டி. மறுபடியும் எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்காரர் அவளைப் பார்த்ததும், "இன்னிக்கு எந்தக் கால் அக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"பத்து லட்சம் பிள்ளைகள்ல வருஷத்துக்குப் பத்துப் பேருக்கு மேல வராதுன்னு நீதானே சொல்வே?" என்றார் கணவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதற்றப்படுகிறவர்களோடே நாள் முழுக்க உட்கார்ந்து பழகியவர்.

"சொன்னேன். அந்தப் பத்துப் பேரும் என் மேசைக்குத்தானே வர்றாங்க! மிச்ச பேரை நான் எங்க பார்த்தேன்?"

அவள் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் தன் மேசைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கிற அந்தத் தப்பை அவள் பதிவேட்டிலும் செய்துகொண்டிருந்தாள் என்பது ஒரு புதன்கிழமை காலைதான் தெரிந்தது.

அன்றைக்குக் குழந்தைகள் வார்டில் ஒரு புது வரி எழுதப் போனாள். பதினைந்து வயதுப் பெண். இடது முட்டிக்கு மேலே கட்டி. மூன்று மாதமாக மருந்து ஏற்றியதில் தலை மொட்டை. வார்டு முழுக்க அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள், காரணம் கேட்கவே தேவையில்லை.

"எப்ப இருந்தும்மா வலி?" என்று கணக்கக்கா கேட்டாள்.

"அரைப் பரீட்சை சமயம் அக்கா. விளையாட்டுல பட்ட அடின்னு எல்லாரும் சொன்னாங்க. பரீட்சைக்குப் பயந்து நடிக்கறேன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. இப்ப காலை எடுக்கணுமாம். முதல்ல முடி, அடுத்தது கால். அப்புறம் மூக்கைக் கேப்பாங்களா?"

பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். தச்சர். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. மகள் பேசியதற்கு அவர் சிரிக்கவில்லை. கணக்கக்காவின் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவளை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"என் பொண்ணு மாதிரி எத்தனை பேரை இதுல எழுதியிருக்கீங்கம்மா?"

"எலும்புக்குத் தனியா எழுத ஆரம்பிச்ச ஆறு வருஷத்துல ஐம்பத்தெட்டு பேருங்க."

"அதுல எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

"பதினாறு" என்றாள். யோசிக்கவே இல்லை. முந்தின நாள்தான் அட்டவணையைக் கூட்டிப் பார்த்திருந்தாள். எண் நாக்கு நுனியில் நின்றது, கேட்டதும் குதித்துவிட்டது.

"அப்போ நாப்பத்திரண்டு பேர் போயாச்சு."

"ஐயையோ, இல்லைங்க! போனது பத்தொன்பது பேர். இருபத்திமூணு பேரைப் பத்தித் தகவல் இல்லை."

"தகவல் இல்லைன்னா?"

"செக்கப்புக்கு வரலை. போன் நம்பரும் மாறியிருக்கு."

"இருந்தா வர மாட்டாங்களாம்மா?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "நான் மரத்துல வேலை செய்யறவன். வெட்டினா வெட்டினதுதான், திருப்பி ஒட்டாது. காலையும் எடுத்து, உயிரும் போறதுன்னா எதுக்கு? முழுசா இருக்கற வரைக்கும் இருக்கட்டும். எங்க பக்கத்துல எலும்புக்கு எண்ணெய்க் கட்டுப் போடறவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"அந்தப் பதினாறு பேர் இருக்காங்களே!"

"அவங்களைத்தான் உள்ள பார்க்கறேனே" என்று வார்டைக் காட்டினார். அவர் சொன்னதும் உண்மைதான். செக்கப்புக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பதினாறு பேரில் பாதிப்பேர் அங்கேதான் மருந்துக் குழாயோடு படுத்திருந்தார்கள். மற்றவர்கள் வைத்தியம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகாதவர்கள். "காலை எடுத்து நாலஞ்சு வருஷம் தாண்டி, தன் வேலையைத் தானே பார்த்துட்டு நடமாடற ஆள் ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. திங்கக்கிழமை கையெழுத்துக் கேட்டிருக்காங்க. காட்டினீங்கன்னா போடறேன். இல்லைன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

கணக்கக்கா படியேறி மேலே வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். வாயைக் கொடுத்து ஒரு பெண்ணின் உயிரை அல்லவா மாட்டிவைத்துவிட்டாள்! பெரிய டாக்டரிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவளுக்கு இன்னும் நுரையீரலுக்குப் பரவலை அக்கா. இப்பவே எடுத்தா பிழைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு மாசம் எண்ணெய்க் கட்டுல போச்சுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த இருபத்திமூணு பேர்ல யாராவது இருப்பாங்களா?" கேட்டுவிட்டு அவரே மெதுவாகச் சொன்னார்: "நான் அவங்க எல்லாரும் போயிட்டாங்கன்னுதான் நினைச்சுட்டிருந்தேன்."

புதன் மதியமும் வியாழன் முழுவதும் கணக்கக்கா தொலைபேசியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபத்திமூன்று வரி, பழைய எண்கள், உறவினர் எண்கள், பள்ளிக்கூட எண்கள், அடுத்த வீட்டுக்காரர் எண்கள். ஒரு எண்ணில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர் எடுத்து, "என்ன வயசாச்சுங்க?" என்றார். "பதினாறு" என்றாள் அவள், தான் தேடும் பையனின் வயதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து. "தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்றார். இன்னொரு எண்ணில் ஒரு கிழவர் எடுத்து, பேச ஆள் கிடைத்த குஷியில் அரைமணி நேரம் தன் கண் ஆபரேஷன் கதையைச் சொன்னார். அவருக்கும் அவள் தேடிய பையனுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

ஐந்து வீடுகளில் சரியான ஆள் எடுத்தார்கள். ஐந்திலும் பிள்ளை இல்லை. ஒரு அம்மா, "நாலு வருஷமாச்சு. இப்பவும் யாராவது அவன் பேரைச் சொல்லிக் கேட்டா சந்தோஷமாத்தான் இருக்கு. கேட்டதுக்கு நன்றிங்க" என்றாள். கணக்கக்கா போனை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முகம் கழுவி, முத்திரைக் காகிதத்தின் படம் போனில் வந்ததும் அந்த வரியை எழுதினாள். மீதிப் பதினெட்டு பேர் போன இடம் தெரியவில்லை.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வாசலில் கணவர் மகனுடைய செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கச்சேரி வைத்திருந்தார்.

"பாரு இதை! வாங்கி மூணு மாசம்கூட ஆகலை, குதிகால் பக்கம் ஓட்டை. என் வண்டி டயர்கூட இப்படித் தேயாது."

"நடந்தா தேயாதாப்பா?" என்றான் மகன்.

"நடக்கற கால் தேயும்தான். நீ தேய்க்கறதுக்குன்னே நடக்கறே!"

கணக்கக்கா கைப்பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். "என்னங்க சொன்னீங்க?"

"டயரைச் சொன்னேன்."

"அதுக்கு அப்புறம்."

"நடக்கற கால் தேயும்னேன். ஏன், இதுல என்ன குத்தம் கண்டே?"

குற்றமா! அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மகன் நிற்கிறானே என்று செருப்பை வாங்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினோரு வருஷமாக அவள் எங்கெங்கே கேட்டிருக்கிறாள்? மருத்துவமனைகளில், பரிசோதனைக் கூடங்களில், இறப்புப் பதிவு அலுவலகத்தில். எல்லாம் நோயும் சாவும் வந்து சேர்கிற இடங்கள். நன்றாக இருக்கிறவர்கள் வந்து சேர்கிற இடம் ஒன்றில்கூட அவள் கேட்டதில்லை. கால் எடுத்த பிள்ளைக்குச் செயற்கைக் கால் வேண்டும். பிள்ளை வளர்ந்தால் அதன் நீளம் போதாது. நடந்தால் பாதம் தேயும். மாற்றுவதற்கு எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கால் பட்டறை வாசலில் நின்றாள். அது ஒன்றும் ஏழு கடல் தாண்டி இல்லை. மருத்துவமனையின் பின்வாசலுக்கு எதிரே, பழைய சலவைக்கூடத்தில் இருந்தது. அவள் தினமும் பஸ்ஸுக்குப் போகிற வழி. உள்ளே சுவர் முழுக்கக் கால்கள் தொங்கின. முழங்கை வரை சுண்ணாம்பு மாவோடு, வானொலியைப் பெரிதாக அலறவிட்டுக்கொண்டு ஒருவர் ஒரு செயற்கைப் பாதத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைக் கால்காரர் என்பார்கள். அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"தகவல் இல்லையா? அக்கா, செத்தவன் எதுக்கு என்கிட்ட வர்றான்? உங்க ஆளுங்க பாதிப் பேர் ஒவ்வொரு வருஷமும் வந்து என் உசுரை வாங்கறாங்க! தேய்ச்சுட்டான், உடைச்சுட்டான், தண்ணியில ஊற வெச்சுட்டான்! இதைப் பாருங்க!" என்று ஒரு தடித்த நோட்டைத் தூக்கிப் போட்டார்.

அதில் பெயரைவிடத் திட்டுதான் அதிகம் இருந்தது. "வலது, முட்டிக்கு மேல். மூன்றாவது பாதம். மாடிப்படியில் குதிக்கிறான், சொன்னால் கேட்பதில்லை." "இடது. கல்யாணத்துக்கு முன்னாடி கட்டாயம் வேண்டுமாம், ஒற்றைக்காலில் நிற்கிறாள்." "வலது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சக் காலைக் கழற்றி மடைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். இவனுக்கு இனிமேல் கிடையாது." அடுத்த வரியிலேயே, "கொடுத்தாயிற்று."

கணக்கக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமான பதிவேட்டை அவள் பார்த்ததில்லை.

"நம்பரை நீங்க எனக்குத் தர வேண்டாம், தரவும் கூடாது" என்றாள். "நீங்களே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்க. இஷ்டம் இருந்தா அவங்க பேசட்டும்."

கால்காரர் ஒரு எண்ணை அழுத்தினார். "ஏய், பார்சல்! எங்க இருக்கே? புதுப் பாதம் எப்படி இருக்கு? சரி சரி, அப்புறம் திட்டு. இங்க ஒரு அக்கா நிக்கறாங்க, நீ உயிரோட இருக்கியான்னு அவங்களுக்குச் சந்தேகமாம், பேசு."

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் வண்டிச் சத்தம். "யாருங்க சந்தேகப்பட்டது? வீடு வீடா பார்சல் குடுத்து இடுப்பு ஒடியுது, பேய் இப்படி வேலை செய்யுமா?"

பதிவேட்டில் ஒன்பதாவது வரி. வலது கால். ஆறு வருஷத்துக்கு முன்னால் பதினாறு வயது. கணக்கக்கா எட்டிப் போய் வானொலியைக் குறைத்தாள். "ஏம்மா, செக்கப்புக்கு ஏன் வரலை?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா இருக்கேனே அக்கா! அங்க வந்தா அந்த வாசனைக்கே வாந்தி வருது. வேலை கிடைச்சுது, வீடு மாறிட்டோம், நம்பரும் மாறிடுச்சு. மறந்தே போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற யாரைத் தேடறீங்க? எங்க குரூப்ல கேட்டுச் சொல்லவா?" என்றாள்.

"என்ன குரூப்?"

"கொக்குக் கூட்டம். வார்டுல ஒண்ணா இருந்தவங்க. ஒத்தக்கால்ல நிக்கறோம் இல்ல, அதனால கொக்கு. தொடையில கம்பி வெச்ச ஒருத்தன் இருக்கான், அவன் இரும்புக் கொக்கு. கையில ஆபரேஷன் ஆன ஒருத்தி இருக்கா, அவளைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் சண்டை நடந்துச்சு. கடைசியில பரிதாபப்பட்டுச் சேர்த்துக்கிட்டோம்."

பதிவேடு தொலைத்தவர்கள் ஒருவரையொருவர் தொலைக்கவே இல்லை! சனிக்கிழமை கணக்கக்காவின் தொலைபேசிக்கு மூச்சுவிட நேரமில்லை. கொக்குகள் வரிசையாகக் கூப்பிட்டன. ஒருத்தி கைக்குழந்தையை அழவிட்டு, "இதோட குரலையும் எழுதிக்கோங்க அக்கா" என்றாள். இரும்புக் கொக்கு, எந்தக் கடைக்குப் போனாலும் வாசல் சோதனைக் கருவி மணி அடித்து அவனைத் தனியாக நிறுத்தி வைக்கிறார்கள் என்று புகார் சொன்னான். ஒரு பையன் பரீட்சையில் தோற்றதை வீட்டில் சொல்லவில்லை, இவளிடம்தான் முதலில் சொன்னான். அதையும் கேட்டுக்கொண்டு, "படி கண்ணா, அடுத்த தடவை எழுதிடலாம்" என்றாள். சாயங்காலத்துக்குள் பார்சலோடு சேர்த்துப் பதினோரு குரல். பதினோரு தேதி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து போய் அந்தக் கழுத்து திரும்பாத மின்விசிறியைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள், வேறு யாரும் அறையில் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாயாடியின் கட்டிலுக்கு அருகே பை கட்டி வைத்திருந்தது. தச்சர் வண்டிக்குக்கூடச் சொல்லிவிட்டார். அப்போது வராந்தாவில் ஒரே சத்தம். கேட்டது ஒருவரை, வந்தது ஐந்து பேர். முன்னால் பார்சல், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பின்னால் குழந்தையோடு அந்தப் பெண், இரும்புக் கொக்கு, மடைக்கு முட்டுக் கொடுத்தவன், கைக் கொக்கு. "நீ எதுக்கு வந்தே, உனக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே" என்று கைக் கொக்கை அவர்கள் வழி முழுக்க ஓட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கால்காரர், யாரும் கூப்பிடாமலே.

தச்சர் எழுந்து நின்றார். பார்சல் அவரிடம் நேராகப் போய்க் கால்சட்டையை முட்டிக்கு மேலே ஏற்றிக் காட்டினாள். "ஆறு வருஷம் ஆச்சு அப்பா. இன்னிக்கு இருபத்தெட்டு வீடு பாக்கி இருக்கு, சீக்கிரம் பார்த்துக்கோங்க."

அவர் அந்தக் காலைப் பார்த்தார். கேட்டுவிட்டுக் குனிந்து தொட்டார். முட்டியில் இருந்த இணைப்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். அறையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"யாரு இதைச் செஞ்சது? வெளிப்பக்கம் ஒரு நூல் அளவு ஆடுதே."

"நான்தான்!" என்று கால்காரர் பாய்ந்து வந்தார். "ஆடலைன்னா படியேறும்போது இடிக்கும். தெரியுமா உமக்கு?"

"உள்பக்கம் ஆடலாம். வெளிப்பக்கம் ஆடினா தேயும். கதவுக்குக் கீல் போடறவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அடடா, அப்போ நீர் வந்து போடுமேன்!"

இருவரும் பார்சலின் முட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள். பார்சல் கையைக் கட்டிக்கொண்டு, "நான் வேணா கழட்டிக் குடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். வாயாடி கட்டிலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மொட்டைத் தலையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள் பார்சலிடம். "ரெண்டு ரெண்டு படியா ஏற முடியுமா?"

"ஏறலாம். இறங்கும்போதுதான் விழுவேன்."

"நான் ரெண்டு கால்லயே விழறவதான்" என்றாள் வாயாடி. கட்டி வைத்திருந்த பையை நல்ல காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்புறம் திரும்பி, "அப்பா, கையெழுத்துப் போடு" என்றாள்.

தச்சர் கணக்கக்காவைப் பார்த்தார். "இப்ப கணக்கு என்னம்மா?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. "இருபத்தியேழு பேர் இருக்காங்க. இருபத்திநாலு பேர் போயிட்டாங்க. ஏழு பேர் இன்னும் தெரியலை. எல்லாரும் பிழைச்சுடுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா வரலைன்னா செத்துட்டாங்கன்னு இனிமே சத்தியமா நினைக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதினார். எழுதும்போது கண்ணீர் சொட்டிக் காகிதம் நனைந்தது. பெரிய டாக்டர் வேறு காகிதம் கேட்கவில்லை, அதையே எடுத்துக்கொண்டு போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு மருந்து, வாந்தி, காய்ச்சல், பயிற்சி எல்லாம் பட்டுத்தான் வாயாடி வெளியே நடந்து போனாள். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகச் செக்கப்புக்கு வந்தாள், வந்தால் மூன்றாம் மாடிக்கும் வந்து மின்விசிறியைக் கேலி செய்துவிட்டுப் போவாள். தச்சருக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போயிற்று. மூன்றாவது வருஷம் ஒரு தடவை வந்தாள். நான்காவது வருஷம் வரவில்லை.

ஐந்தாவது வருஷம் அட்டவணை முடிக்கிற வாரம் வந்தது. ஐம்பத்தொன்பதாவது வரிக்குக் கணக்கக்கா போன் செய்தாள். எண் உபயோகத்தில் இல்லை. தச்சரின் எண்ணும் இல்லை. கொக்குக் கூட்டத்தில் கேட்டாள். "அவ குரூப்ல பதில் போட்டே பல மாசம் ஆச்சு அக்கா" என்றாள் பார்சல், அவள் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வராதவர்களைச் செத்ததாக நினைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவள்தான் கணக்கக்கா. இருந்தாலும் பழைய வரிகளைப் புரட்டினாள். நான்காம் ஐந்தாம் வருஷத்தில் நோய் திரும்பி வந்த வரிகளும் அவள் பதிவேட்டில் உண்டு. மதியச் சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமலே பின்வாசல் வழியாகப் பட்டறைக்கு ஓடினாள்.

கால்காரர் வானொலியைக் குறைக்கவில்லை. "வாயாடியா? போன மாசம் வந்தா. நாள் முழுக்க நின்னு நின்னு பாதத்தைத் தட்டையா ஆக்கிட்டா. போதாக்குறைக்கு அவ அப்பன் வீட்டுலயே முட்டியைப் பிரிச்சு என்னமோ பண்ணியிருக்கான். நல்லாத்தான் பண்ணியிருக்கான், அவன்கிட்ட சொல்லிடாதீங்க." எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினார்.

மணி நெடுநேரம் அடித்தது. கணக்கக்கா சுவரில் தொங்கிய கால்களை எண்ணிக்கொண்டே நின்றாள். பதினேழாவது காலில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ! யாரு? அக்காவா?" அதே குரல்தான். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம், யாரோ பெண்கள் சிரிக்கும் சத்தம். "அக்கா, நான் முடி வெட்டற கடையில வேலை பார்க்கறேன்! இங்க ஒரு அம்மாவுக்குப் பாதிதான் வெட்டியிருக்கேன், கண்ணாடியில என்னை முறைக்கறாங்க. நானே அப்புறம் கூப்பிடறேன், வெச்சிடட்டா?"

வைத்தே விட்டாள். நல்லா இருக்கியா என்று கேட்கக்கூட விடவில்லை.

கணக்கக்கா மேலே வந்து பதிவேட்டைத் திறந்து, ஐம்பத்தொன்பதாவது வரியில் "உயிருடன்" என்று எழுதி, குரல் கேட்ட தேதியைப் போட்டாள். பிறகு சாப்பாட்டுக் கூடையைத் திறந்து, ஆறிப்போனதை ருசித்துச் சாப்பிட்டாள்.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்றவள் அன்றைக்குக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. ஒரு மாதமாகியும் கூப்பிடவில்லை. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி கணக்கக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.